கடை மாவு, உரிச்ச வெங்காயம், டிஷ்வாஷர்: எதுக்கு காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

"வீட்ல அரைச்சா பாதி விலைதான் ஆகும்"னு எல்லா குடும்ப வாட்ஸப் குரூப்லயும் ஒருத்தராவது எழுதியிருப்பாங்க, எழுதுறவரு பெரும்பாலும் அரைக்கிற ஆளா இருக்க மாட்டாரு. அரிசி விலை வரும், உளுந்து விலை வரும், கரண்டு கூட கணக்குல வரும், ஆனா ஊற வச்சு, களைஞ்சு, கிரைண்டர் பக்கத்துலயே நின்னு தண்ணி தெளிச்சு, வழிச்சு எடுத்து, கடைசில கல்லை கழுவி கவுத்து வைக்கிற பொம்பளையோட நேரத்துக்கு மட்டும் யாரும் ஒரு பைசா போட மாட்டாங்க. இந்த கணக்கு தப்பு, இதை மாத்தியே ஆகணும்னு எனக்கு ரொம்ப நாளா இருக்கு. கோயமுத்தூர்ல இருக்கேன், வேலைக்கு போறேன், மாமனார் மாமியாரோட வீட்ல அஞ்சு பேரு. நாங்க வாங்கி பாத்த ரெடிமேட் ஐட்டம், கிச்சன் சாமான் எல்லாத்தையும் நேரத்துக்கும் விலை போட்டு சொல்றேன், உங்க வீட்டு கணக்கு கொஞ்சம் மாறலாம், விலையும் ஊருக்கு ஊரு மாறும்.

முதல்ல மாவு, ஏன்னா நம்ம ஊர்ல இதுதான் பெரிய பஞ்சாயத்து.

இட்லி அரிசி எங்க மளிகைல கிலோ 50ல இருந்து 60, முழு வெள்ளை உளுந்து கால் கிலோ 35 கிட்ட வருது, வெந்தயம் ஒரு ஸ்பூன். நாலுக்கு ஒண்ணு கணக்குல ஒரு கிலோ அரிசிக்கு கால் கிலோ உளுந்து போட்டா தண்ணியெல்லாம் சேந்து மூணு கிலோவை ஒட்டி மாவு கிடைக்கும். டேபிள் டாப் கிரைண்டர் மோட்டார் 150 வாட்ஸ்தான், ஒரு மணி நேரம் ஓட்டினாலும் கால் யூனிட்டு கூட ஆகாது, அதனால கரண்ட மறந்துடுங்க. மொத்தம் 100 ரூபாய்க்குள்ள மூணு கிலோ, அதாவது கிலோ 33. எங்க தெருமுனை மாவு கடைல கிலோ 45. சூப்பர் மார்க்கெட் ஃபிரிட்ஜ்ல இருக்கிற பிராண்டு மாவு கிலோ 85க்கு குறைஞ்சு இல்ல.

அப்ப மூணு கிலோவுக்கு தெருமுனை கடைல நான் கூட குடுக்கிறது 35 ரூபா. அந்த 35 ரூபாய மிச்சம் பிடிக்க உளுந்துக்கு அரை மணி, அரிசிக்கு அதே அளவு, கழுவி துடைச்சு வைக்க கால் மணி, நடுவுல வேற எங்கயும் போக முடியாது. ஒண்ணேகால் மணி நேரம். வேற யாராவது உங்க வீட்டுக்கு வந்து அவ்ளோ நேரம் வேலை பாத்தா 35 ரூபா குடுத்து அனுப்புவீங்களா? எங்க அத்தை ஆரம்பத்துல "ஏங்கண்ணு, மாவுக்கெல்லாம் காசு குடுக்கோணுமா, ஊற போட்டா நான் அரைச்சு தர மாட்டனா"ன்னாங்க. "நீங்க அரைப்பீங்க அத்தை, அரைச்சிட்டு ராத்திரி பூரா இடுப்ப பிடிச்சிட்டு உக்காந்திருப்பீங்க, அதுக்கு தைலம் வாங்கற காசு இதை விட ஜாஸ்தி"ன்னேன். அதுக்கப்புறம் அவங்களே சாயங்காலம் நடக்க போறப்ப தூக்குல வாங்கிட்டு வர ஆரம்பிச்சிட்டாங்க.

ஆனா ருசின்னு வந்தா நேர்மையா சொல்லணும். கடை மாவுல தோசை பிரமாதமா வரும், இட்லி அவ்ளோ வராது. காரணம் உளுந்துல இருக்கு. உளுந்து அரைபட அரைபட காத்த உள்ள பிடிச்சு பொங்கும், அந்த நுரை நின்னாதான் புளிக்கிறப்ப வர்ற வாயுவும் மாவுக்குள்ளயே தங்கும், இட்லி உப்பும். கல்லுல மெதுவா, சூடு ஏறாம அரையணும், பாதி அரைபடறப்ப ஐஸ் தண்ணி தெளிக்க சொல்றது அதுக்குதான். உளுந்து விலை அரிசியை விட ரெண்டு மடங்குக்கு மேல, அதனால வியாபாரத்துக்கு அரைக்கிறவங்க எங்க கை வைப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. எல்லா கடையும் அப்படி இல்ல. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, மாவு ஒரு சொட்டு எடுத்து தண்ணி கிண்ணத்துல விடுங்க, உளுந்து சரியா பொங்கியிருந்தா கொஞ்ச நேரமாவது மிதக்கும், பொசுக்குனு அடில போய் உக்காந்தா தோசைக்கு மட்டும் வச்சுக்கோங்க. இப்ப எங்க வீட்ல வார நாளுக்கு கடை மாவு தோசை, ஞாயித்துக்கிழமை இட்லிக்கு வீட்டு மாவு, ரெண்டு பக்கமும் சமாதானம்.

பிராண்டு பாக்கெட்டு மாவு பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்ல. சுத்தம், தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் (உணவு பாதுகாப்பு லைசென்ஸ்) எல்லாம் இருக்கு, அது உண்மையிலேயே பெரிய விஷயம், அதுக்காக கூட காசு குடுக்கிறவங்கள குறை சொல்ல மாட்டேன். பிரச்சனை ஃபிரிட்ஜ்ல. மாவு குளிர்ல புளிக்கிறது குறையும், நிக்காது, கடைக்காரரு ராத்திரி ஃபிரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு போனாருன்னா காலைல பாக்கெட்டு உப்பிடும். ஒரு பெரிய கடைல தேதி இன்னும் நாலு நாள் இருக்கிற பாக்கெட்டு வாங்கிட்டு வந்தேன், தொட்டா வெடிச்சிடுமோங்கிற அளவுக்கு உப்பி இருந்துச்சு, பிரிச்சா வாடையே புளிச்சு மூக்க தாக்குது, திருப்பி எடுத்துட்டு போனா "மாவுன்னா புளிக்கதான்மா செய்யும்"னு பதில். புளிக்கும் சரி, புளிச்சத புது விலைக்கு ஏன் விக்கணும்? தேதிய பாக்கிறதோட பாக்கெட்ட அமுக்கியும் பாருங்க, காத்து இல்லாம தளதளன்னு இருந்தா மட்டும் எடுங்க. தெருமுனை கடைல இந்த தொல்லை இல்ல, அன்னைக்கு அரைச்சது அன்னைக்கே போயிடும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க, என்ன தண்ணில அரைக்கிறாங்கன்னு. கேக்க கூச்சப்படாதீங்க, நல்ல கடைக்காரரு கேனை காட்டுவாரு.

கிரைண்டர் வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டா, கடை மாவு வாங்குறவங்களும் வாங்கலாம்னுதான் சொல்வேன், இதை எங்க ஊருங்கிறதால சொல்லல. 1955ல கோயமுத்தூர்ல சபாபதிங்கிறவரு செஞ்சதுல இருந்து வெட் கிரைண்டர் இந்த ஊரு தொழிலாவே ஆயிடுச்சு, புவிசார் குறியீடும் வாங்கியாச்சு, அதோட பலன் என்னன்னா பெல்ட்டு போனாலும் கல்லு தேஞ்சாலும் எந்த தெருவுலயும் ரிப்பேர் பண்ண ஆள் இருக்கு. ரெண்டு லிட்டர் டேபிள் டாப் நாலாயிரத்த ஒட்டி வருது. எங்களோடது கல்யாணத்துக்கு வந்தது, ஒரு தடவை பெல்ட்டு மாத்துனதோட சரி. தேங்கா துருவி அட்டாச்மென்ட்டும் சேத்து வாங்குங்க, அருவாமணைல உக்காந்து துருவ முடியாத வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு அது ஒண்ணே போதும்.

அடுத்து உரிச்ச சின்ன வெங்காயம். இதுக்கு குடுக்கிற காசு போல மன நிறைவா நான் குடுக்கிற காசு வேற இல்ல. கொங்கு சமையல்ல சின்ன வெங்காயம் இல்லாம ஒண்ணும் ஓடாது, கால் கிலோ உரிக்க அரை மணி ஆகும், கண்ணுல தண்ணி, நக இடுக்குல எரிச்சல். மார்க்கெட் ஓரத்துல ஒரு அம்மா சாக்கு விரிச்சு உக்காந்து உரிச்சு உரிச்சு கால் கிலோ கவர் போட்டு வச்சிருப்பாங்க, 40 ரூபா. உரிக்காதது அதே எடைக்கு 15ல இருந்து 20, தோல் போக இன்னும் கொஞ்சம் சேத்துக்கோங்க. அவங்க கட்டை விரல் நகத்த பாத்தா ஓரமெல்லாம் கறுத்து வெடிச்சிருக்கும், சின்ன கத்தியால தலைய ஒரு கிள்ளு வாலை ஒரு கிள்ளு, அடுத்த செகண்டு வெங்காயம் வெள்ளையா கிண்ணத்துல விழுது, பேசிட்டே செய்யறாங்க. கூட குடுக்கிற இருபது ரூபா நேரா அந்த கைக்கு போகுது, அங்க நின்னு பேரம் பேசாதீங்கன்னு கையெடுத்து கும்பிட்டு கேட்டுக்கறேன்.

அதே அம்மாகிட்ட வாழைப்பூ ஆஞ்சதும் கிடைக்கும். ஒவ்வொரு பூவுலயும் நடு நரம்ப எடுத்து, அந்த கண்ணாடி போல இருக்கிற சின்ன தோலையும் எடுத்து, மோர் தண்ணில போட்டு வச்சிருப்பாங்க, கருக்காம இருக்கும். வாழைப்பூ வீட்ல செய்யறதே நின்னு போன வீடுங்க எத்தனையோ, வேலைக்கு பயந்து. ஆஞ்சு வாங்குறதால எங்க வீட்ல திரும்ப வந்திருக்கு, என் பொண்ணு வாழைப்பூ வடை கேட்டு வாங்கி சாப்பிடுறா, இதுக்கு என்ன விலை போடுறதுன்னு எனக்கு தெரியல.

சென்னைல இது இன்னும் பெரிய அளவுல நடக்குது, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ரங்கநாதன் தெருவுல ஆபீஸ் முடிஞ்சு ட்ரெயின் பிடிக்க வர்ற பொம்பளைங்களுக்காகவே நறுக்குன காய் கவர் கவரா வச்சு விப்பாங்க. சூப்பர் மார்க்கெட்ல பிளாஸ்டிக் தட்டுல ஒட்டுன காய் வேற விஷயம், அதை நான் வாங்க மாட்டேன். எப்ப நறுக்குனதுன்னே தெரியாது, பீன்ஸ் ஓரம் காஞ்சு, கேரட் மேல வெள்ளை பூத்து இருக்கும், அவியல் செட்டுன்னு சொல்லி முக்காவாசி விலை குறைஞ்ச பூசணியும் சௌசௌவும் போட்டு ஒரே விலை வாங்குறாங்க. நறுக்குனத கழுவவும் முடியாது, கழுவாமயும் இருக்க முடியாது, கழுவுனா இருக்கிற சத்தும் தண்ணியோட போகும்.

பாதி வெந்த சப்பாத்தி. பத்து சப்பாத்தி பாக்கெட்டு 65 ரூபா, வீட்ல போட்டா ஒரு கிலோ மாவுல முப்பது வரும், ஒண்ணு ரெண்டு ரெண்டரை ரூபாதான். அஞ்சு பேருக்கு ராத்திரி சப்பாத்தின்னா பிசைஞ்சு, ஊற வச்சு, தேச்சு, சுட்டு எடுக்க ஒரு மணி நேரம், லேட்டா வீட்டுக்கு வர்ற நாளுக்கு பாக்கெட்டு தப்பே இல்ல, சூடா கல்லுல இருந்து தட்டுக்கு போட்டா நல்லாவே இருக்கு. டிபன் பாக்ஸுக்கு மட்டும் குடுத்து விடாதீங்க, மத்தியானம் திறந்தா வறட்டி மாதிரி இருக்கும், பசங்க அப்படியே திருப்பி கொண்டு வருவாங்க. பின்னாடி என்ன சேத்திருக்காங்கன்னு படிங்க, கோதுமை மாவு எண்ணெய் உப்புன்னு மட்டும் இருக்கிறதும் உண்டு, கெடாம இருக்க போடற கால்சியம் புரோப்பியனேட்டு சோர்பிக் ஆசிட்னு நீளமா போறதும் உண்டு, ரெண்டுக்கும் விலை ஒண்ணுதான், அப்ப எதை எடுக்கணும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இன்னொண்ணு, 2020 ஜூன்ல பரோட்டா வேற ரொட்டி வேறன்னு சொல்லி பரோட்டாவுக்கு 18% ஜிஎஸ்டின்னு கர்நாடகாவுல ஒரு தீர்ப்பு வந்து நாடு பூரா சண்டையாச்சே, ஞாபகம் இருக்கும். 2025 செப்டம்பர் 22ல இருந்து சப்பாத்தி பரோட்டா ரெண்டுக்குமே ஜிஎஸ்டி கிடையாது. நீங்க வாங்குற பாக்கெட்டு விலை அதுக்கப்புறம் குறைஞ்சிருக்கான்னு பழைய பில்லோட ஒப்பிட்டு பாருங்க, குறையலன்னா பிராண்ட மாத்துங்க.

இஞ்சி பூண்டு பேஸ்டு வேண்டவே வேண்டாம். கெடாம இருக்க உப்பும் புளிப்பும் சேத்துதான் அடைக்கிறாங்க, வதக்குறப்ப வாசம் வராது, ஒரு புளிச்ச நெடிதான் வரும், பிரியாணில போட்டா கடைசி வரைக்கும் அது போகாது. இங்க கஷ்டமான வேலை பூண்டு உரிக்கிறது, அரைக்கிறது இல்ல. உரிச்ச பூண்டு அதே மார்க்கெட் அம்மாகிட்ட வாங்கி, இஞ்சி கழுவி தோல் சீவி, கொஞ்சம் உப்பு எண்ணெய் விட்டு மிக்ஸில ஒரு ஓட்டு ஓட்டி, ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல வச்சா ஒரு குழம்புக்கு ஒரு கட்டி எடுத்து போட்டுக்கலாம். எது நம்ம நேரத்த திங்குதோ அதுக்கு மட்டும் காசு குடுங்கன்னு நான் சொல்றது இதைத்தான்.

உப்புமா மிக்ஸ், பொங்கல் மிக்ஸ் இதெல்லாம் அந்த கணக்குல அடிபட்டு போயிடும். ரவை உப்புமா மிக்ஸ்ல என்ன இருக்கு, வறுத்த ரவை, எண்ணெய், கடுகு, காஞ்ச கருவேப்பிலை, ரெண்டு முந்திரி துண்டு. அடுப்பு பத்த வைக்கணும், தண்ணி கொதிக்கணும், கட்டி தட்டாம கிளறணும், எல்லாம் நீங்கதான் செய்யணும், அவங்க தாளிச்சு குடுத்தது மட்டும்தான் மிச்சம். இப்ப பாக்கெட்டுல கிராமுக்கு இவ்ளோன்னு யூனிட் விலை போட்டிருக்காங்க, எம்ஆர்பி பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், அதை கிலோவுக்கு பெருக்கி பாத்தா ரவை விலையை விட நாலு அஞ்சு மடங்கு வரும். ஹாஸ்டல்ல கெட்டில் மட்டும் வச்சிருக்கிற பசங்களுக்கும், யாத்திரை போறவங்களுக்கும் சரி, வீட்ல அடுப்பு இருக்கிறவங்களுக்கு வேண்டாம். மிக்ஸ்லயே ரவா இட்லி மட்டும் விதிவிலக்கு. இரண்டாம் உலகப் போர் சமயத்துல அரிசி தட்டுப்பாடு வந்தப்ப பெங்களூரு எம்டிஆர் ஓட்டல்ல ரவைய வச்சு செஞ்சு பாத்துதான் அந்த இட்லியே பிறந்துச்சு, ஊற வைக்க வேணாம் புளிக்க வேணாம்ங்கிறது அதோட பிறவி குணம், அதனால திடீர்னு விருந்தாளி வந்தா தயிர் ஊத்தி கலக்கி கொஞ்ச நேரத்துல தட்டுல வைக்கலாம், நிஜமாவே வேலை மிச்சம். குலோப் ஜாமூன் மிக்ஸுக்கும் ஓகே, கோவா நல்லதா தேடி அலையற அலைச்சல் போகுது, தீபாவளி நேரத்துல ஒண்ணுக்கு ஒண்ணு ஆஃபர் வேற.

சாம்பார் பொடி, மிளகா பொடி நாங்க மில்லுல அரைக்கிறோம். மல்லியும் மிளகாயும் வாங்கி மொட்டை மாடில காய வச்சு எடுத்துட்டு போனா கிலோவுக்கு கூலி வாங்கிட்டு அரைச்சு குடுத்துடுவாங்க, உரல்ல இடிக்கிற வேலைய நம்ம பாட்டிங்ககிட்ட இருந்து எடுத்துட்டு போனது இந்த மில்லுதான், எந்த பாக்கெட்டும் இல்ல. வெயில் காலத்துல வருஷத்துக்கு ஒரு தடவை பண்ற வேலைங்கிறதால எனக்கு கட்டுபடியாகுது, மொட்டை மாடி இல்லாத ஃபிளாட்டுல இருக்கிறவங்க கடைல வாங்குங்க, அதுல ஒண்ணும் குறைஞ்சு போயிட மாட்டோம்.

இனி சாமான்.

ஏர் ஃபிரையர் அஞ்சு பேர் வீட்டுக்கு பத்தாது. கூடை சின்னது, உருளைக்கிழங்கு வறுவல் ஒரு ஆளுக்கு ஆகுறதுக்குள்ள அடுத்தவரு சாப்பிட்டு எழுந்துடுவாரு. உளுந்த வடை மாவு ஈரமா இருக்கிறதால கூடை ஓட்டைல வழியும், எண்ணெய்ல பொரியற வடை அதுல வராது. ரெண்டு பேர் இருக்கிற வீடு, எண்ணெய் குறைக்க டாக்டர் சொல்லியிருக்காருன்னா வாங்கலாம். நான் ஸ்டிக் தோசைக்கல்லுக்கும் நான் ஓட்டு போட மாட்டேன், கோட்டிங் கீறல் விழுந்தா தூக்கி போட வேண்டியதுதான். வார்ப்பு இரும்பு கல்லு ஒரு தடவை எண்ணெய் போட்டு பழக்கிட்டா பேத்தி வரைக்கும் வரும்.

ஃபேன் மாத்துறதா இருந்தா பிஎல்டிசி, அதாவது கரண்டு கம்மியா இழுக்கிற மோட்டார் இருக்கிற ஃபேன் வாங்குங்க. பழைய ஃபேன் 75 வாட்ஸ், இது 30 சொச்சம், விலை ஆயிரம் ஆயிரத்து ஐநூறு கூட இருக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுற ஃபேன்ல ரெண்டு மாச பில்லுக்கு 30 யூனிட்டு கிட்ட குறையும், நம்ம ஊர்ல ஸ்லாப் கணக்குங்கிறதால மேல் ஸ்லாப்ல இருக்கிற வீட்டுக்கு லாபம் இன்னும் ஜாஸ்தி, கீழ 200 யூனிட்டுக்குள்ள ஓடுற வீட்டுக்கு காசு திரும்ப வர நாள் ஆகும், அவசரம் இல்ல.

டிஷ்வாஷர்தான் எங்க வீட்ல பெரிய விவாதம். முப்பதாயிரத்துக்கு மேல, மாமாவுக்கு சுத்தமா பிடிக்கல, "ரெண்டு பாத்திரம் கழுவ இவ்ளோ பெரிய மிசினா"ன்னாரு. ரெண்டு பாத்திரம் இல்ல, ராத்திரி ஒரு வேளைக்கே இட்லி தட்டு, துணி, குக்கர், மூணு கிண்ணம், அஞ்சு தட்டு, டம்ளர் எல்லாம் சேந்து சிங்க் வழியும், எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்திருக்கிறப்ப ஒரு ஆளு மட்டும் அங்க நிப்பா. வாங்குனோம். மசாலா ஒட்டுன எவர்சில்வர் பாத்திரம் 70 டிகிரி சூட்டுல பளிச்சுனு வருது, தண்ணி பத்து பதினஞ்சு லிட்டருக்குள்ள முடியுது, குழாய திறந்து விட்டு கழுவுறத விட கம்மி. உப்பு (தண்ணியோட கடினத்தன்மைய குறைக்க மிசின்ல போடறது), டிடர்ஜென்ட், கரண்டு எல்லாம் சேத்து ஒரு தடவைக்கு சுமாரா 20 ரூபா ஆகுது. சிறுவாணி தண்ணி வர்ற வீடுங்கிறதால எங்களுக்கு உப்பு கம்மியா போகுது, போர் தண்ணி வீடுன்னா உப்பு செலவையும் யோசிச்சுக்கோங்க. இரும்பு தோசைக்கல்லு, அலுமினிய சட்டி, அடிபிடிச்ச பால் பாத்திரம் இதெல்லாம் இன்னமும் கைலதான்.

சைக்கிள் முடிய ரெண்டு மூணு மணி நேரம் ஆகுது, அது ஒரு குறை, அவசரத்துக்கு குக்கர் வேணும்னா உள்ள மாட்டிக்கும், அதனால ரெண்டாவது குக்கர் ஒண்ணு வாங்க வேண்டியதாச்சு. அடுக்குறதுக்கும் ஒரு பழக்கம் வேணும், கிண்ணம் எல்லாம் வாய் கீழ பாக்க சாய்ச்சு வைக்கணும், இல்லன்னா அழுக்கு தண்ணி தேங்கி நிக்கும். இப்ப அடுக்குறது மாமா வேலை. தட்டு ஒரு பக்கம், டம்ளர் மேல்தட்டுன்னு அவரே ஒரு முறை வச்சிருக்காரு, நாங்க மாத்தி வச்சா எடுத்து திரும்ப வைப்பாரு, ராத்திரி ஒன்பதரைக்கு அவரு பட்டன அமுக்குறப்ப நானும் அத்தையும் ஹால்ல உக்காந்து சீரியல் பாத்துட்டு இருப்போம்.